மோதலும் திசையும்

சென்ற பருவத் தேர்வில் எங்கள் பத்தாம் வகுப்பு மாணவியருக்கு இயற்பியலில் ஒரு கணக்குக் கொடுக்கப்பட்டது. 5 கிராம் நிறையுள்ள ஒரு பொருள் வினாடிக்கு 60 செ.மீ. திசைவேகத்தில் சென்று, ஓய்வில் இருக்கும் 15 கிராம் நிறையுள்ள மற்றொரு பொருளின்மீது நேருக்கு நேர் மோதுகிறது. மோதல் முழுமையான மீட்சி மோதல் எனில், மோதிய பின் ஒவ்வொன்றின் திசைவேகமும் என்ன? இதுவே அக்கணக்கு.

வாய்பாட்டில் எண்களைப் போட்டோம். இரண்டாம் பொருளுக்கு 30 என்று வந்தது. முதற் பொருளுக்குக் கழித்தல் 30 என்று வந்தது. எங்களுள் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் அந்தக் கழித்தல் குறியை அடித்துவிட்டு, 30 என்று அழகாக எழுதி, அடியில் இரண்டு கோடும் இட்டோம். வேகம் எங்கேயாவது கழித்தலில் வருமா? வழியில் எங்கோ குறி தவறியிருக்கும் என்பதே எங்கள் எண்ணம். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி இருந்தது. மதிப்பெண்ணும் பாதி போயிருந்தது.

"சிஸ்டர், எண் சரியாகத்தானே இருக்கிறது? ஒரு சின்னக் கோடு இல்லாததற்கா பாதி மதிப்பெண்?" என்று கேட்டோம்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "அந்தச் சின்னக் கோட்டை நான் விளக்கினால் நாளைக்கே மறந்துவிடுவீர்கள். மாலையில் விளையாட்டு அறைக்குப் போய்க் கேரம் பலகையைக் கேளுங்கள்" என்றார்.

அவ்வாறே கேட்டோம். கேட்டு அறிந்ததை எங்கள் தங்கையருக்கும், பெற்றோருக்கும், மற்ற வாசகர்களுக்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உந்தம் என்றால் என்ன?

ஓடிவரும் பொருள் ஒன்றைத் தடுத்து நிறுத்த நாம் படும் பாடு இரண்டைப் பொறுத்தது. ஒன்று அதன் நிறை. மற்றொன்று அதன் திசைவேகம். மெல்ல உருண்டு வரும் மாட்டு வண்டியையும் எளிதில் நிறுத்த முடியாது. விரைந்து வரும் சிறு கிரிக்கெட் பந்தையும் எளிதில் நிறுத்த முடியாது. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவதே உந்தம் ஆகும்.

வேகம் வேறு, திசைவேகம் வேறு என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தோம். ஆனால் பொருளை உணரவில்லை. 'திசைவேகம்' என்ற சொல்லில் திசைதான் முதலில் நிற்கிறது. நேர்கோட்டில் நடக்கும் இயக்கத்துக்கு இரண்டே திசைகள் உண்டு. வலப்பக்கம் செல்வதைக் கூட்டல் என்று வைத்துக்கொண்டால், இடப்பக்கம் செல்வது கழித்தல் ஆகும். ஆகவே கழித்தல் 30 என்றால் 'ஒன்றுமில்லாததற்கும் கீழான வேகம்' என்று பொருள் அன்று; 'அதே 30, ஆனால் வந்த வழியே' என்று பொருள்.

வெளியிலிருந்து விசை எதுவும் தாக்காதவரை, மோதும் பொருள்களின் மொத்த உந்தம் மோதலுக்கு முன்னும் பின்னும் மாறாது. இதுவே உந்த அழிவின்மை விதி. ஒரு பொருள் மற்றதைத் தள்ளும்போது, மற்றதும் அதே அளவு விசையால், அதே நேரம், எதிர்த்திசையில் திருப்பித் தள்ளுகிறது. ஆகையால் ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றது அப்படியே பெறுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து இது நேராகக் கிடைக்கிறது.

ஓர் அறிஞரும் செய்த பிழை

திசையை மறந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்று பின்னர் அறிந்தபோது எங்களுக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது. பிரான்சு நாட்டில் இயேசு சபைக் குருக்களின் கல்லூரியில் பயின்ற ரெனே தேக்கார்த் என்ற பேரறிஞர், 1644-இல் வெளியிட்ட தம் தத்துவ நூலில் மோதலுக்கு ஏழு விதிகளை வகுத்தார். இறைவன் மாறாதவர், ஆகவே அவர் உலகுக்கு அளித்த மொத்த இயக்கமும் கூடாமல் குறையாமல் இருக்கும் என்பது அவர் கொண்ட அடிப்படை. இயக்கத்தில் ஏதோ ஒன்று மாறாது நிற்கிறது என்ற அந்த எண்ணம் மிகச் சிறந்தது. ஆனால் அந்த இயக்கத்தை அளக்கும்போது அவர் பொருளின் அளவை வெறும் வேகத்தால் பெருக்கினார். திசையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். அவருடைய நான்காம் விதியின்படி, ஓய்வில் இருக்கும் பெரிய பொருளின்மீது சிறிய பொருள் எவ்வளவு விரைவாக வந்து மோதினாலும் பெரியது அசையவே அசையாது. சிறியது மட்டும் அதே வேகத்தோடு திரும்பிவிடும். திசையைப் பாராவிட்டால் இது சரியாகவே தோன்றும். வந்த வேகமும் போன வேகமும் ஒன்றுதானே!

1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி இந்தக் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொண்டது. அவ்வாண்டின் இறுதியிலும் 1669-இன் தொடக்கத்திலும் மூவர் விடை அனுப்பினர். ஜான் வாலிஸ், மோதியபின் ஒட்டிக்கொண்டு செல்லும் பொருள்களைப் பற்றி எழுதினார். லண்டனில் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் என்பவரும், ஹாலந்து நாட்டின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் என்பவரும் மோதித் தெறிக்கும் பொருள்களைப் பற்றி எழுதினர். திசைக்கும் குறி கொடுத்துக் கூட்டினால்தான் உந்தம் மாறாமல் நிற்கும் என்பது அன்று முதல் தெளிவாயிற்று.

கேரம் பலகையில் மூன்று சோதனைகள்

கேரம் விளையாட்டின் விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காயின் எடை 5 முதல் 5½ கிராம் வரை இருக்கலாம். தேர்வுக் கணக்கில் இருந்த 15-ம் 5-ம் எங்கிருந்து வந்தன என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பலகையில் போரிக் பவுடரைத் தூவி உராய்வைக் குறைத்துக்கொண்டு தொடங்கினோம்.

முதற் சோதனை: ஒரு காயை நடுவில் வைத்து, மற்றொரு காயை அதன்மீது நேருக்கு நேர் சுண்டினோம். சுண்டிய காய் ஏறக்குறைய மோதிய இடத்திலேயே நின்றுவிட்டது. அடிபட்ட காய் முன்னே ஓடியது. சம நிறையுள்ளவை மோதினால் அவை தங்கள் திசைவேகங்களை மாற்றிக்கொள்கின்றன.

இரண்டாம் சோதனை: காயின்மீது ஸ்ட்ரைக்கரை நேராக அடித்தோம். காய் விரைந்து ஓட, ஸ்ட்ரைக்கரும் அதே திசையில் மெதுவாகப் பின்தொடர்ந்தது. ஸ்ட்ரைக்கர் 60 செ.மீ. திசைவேகத்தில் வந்தால், மோதியபின் அதற்கு 30, காய்க்கு 90 என்று கணக்குச் சொல்கிறது. முன்பு இருந்த உந்தம் 15 × 60 = 900. பின்பு உள்ள உந்தம் 450 + 450 = 900. சரியாக இருக்கிறது. அடித்த ஸ்ட்ரைக்கரைவிட அடிபட்ட காய் விரைவாக ஓடுவதைக் கண்டு தங்கையர் வியந்தனர்.

மூன்றாம் சோதனை: இதுவே எங்கள் தேர்வுக் கணக்கு. ஸ்ட்ரைக்கரை நடுவில் வைத்து, காயை அதன்மீது சுண்டினோம். காய் மோதியது, உடனே எங்களை நோக்கித் திரும்பி வந்தது! ஸ்ட்ரைக்கரும் சும்மா இருக்கவில்லை, முன்னே நகர்ந்தது. தேக்கார்த்தின் நான்காம் விதியும் எங்கள் விடைத்தாளும் ஒரே சுண்டலில் தோற்றன.

இப்போது கணக்கைப் பார்ப்போம். முன்பு இருந்த உந்தம் 5 × 60 = 300. நாங்கள் எழுதிய விடைப்படி, அதாவது கழித்தல் குறி இல்லாமல், பின்பு உள்ள உந்தம் (5 × 30) + (15 × 30) = 150 + 450 = 600. உந்தம் இரு மடங்கு ஆகிவிட்டது! குறியோடு எழுதினால் கழித்தல் 150-ம் கூட்டல் 450-ம் சேர்ந்து 300 ஆகிறது. விதி காப்பாற்றப்படுகிறது. மேலும் நாங்கள் எழுதியபடி இரண்டும் ஒரே திசையில் 30 செ.மீ. வேகத்தில் செல்ல வேண்டுமானால், பின்னால் வந்த காய் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுக்கொண்டே செல்ல வேண்டும். அது தெறிக்கும் மோதலே அன்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் தவறான விடையையும் இயக்க ஆற்றல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. முன்பு இருந்த ஆற்றல் ½ × 5 × 3600 = 9000 எர்க். பின்பு காய்க்கு 2250 எர்க், ஸ்ட்ரைக்கருக்கு 6750 எர்க், கூட்டினால் 9000. வர்க்கப்படுத்தும்போது கழித்தலும் கூட்டலாகிவிடுவதால், ஆற்றலுக்குத் திசை தெரியாது. உந்தத்துக்குத்தான் திசை தெரியும்.

ஆனால் உந்தம் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. காய் ஸ்ட்ரைக்கரோடு ஒட்டிக்கொண்டு இரண்டும் 15 செ.மீ. திசைவேகத்தில் சென்றாலும் உந்தம் 20 × 15 = 300 என்று சரியாகவே வரும். ஆனால் ஆற்றல் 2250 எர்க் மட்டுமே மிஞ்சும். ஈரக் களிமண் உருண்டைகள் மோதினால் அப்படித்தான் நடக்கிறது. மீதி ஆற்றல் மண்ணை நசுக்குவதிலும் வெப்பத்திலும் போய்விடுகிறது. ஆற்றலும் குறையாமல் மீளும் மோதலே மீட்சி மோதல். இரண்டு விதிகளும் சேர்ந்து ஒப்பிய பிறகே விடை ஒன்றே ஒன்றாகிறது.

(எங்கள் காய்கள் கணக்கில் உள்ள அளவு விரைவாகத் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பலகையில் உராய்வு உண்டு. காய் மோதும் 'டக்' என்ற ஓசையிலும் வெப்பத்திலும் சிறிது ஆற்றல் செலவாகிறது. கேரத்தில் நடப்பது ஏறக்குறைய மீட்சி மோதலே ஆகும். திசை மட்டும் தவறவில்லை.)

ஏன் திரும்புகிறது?

திரும்புகிறது என்று கண்டோம். ஏன் திரும்புகிறது என்ற கேள்வி எஞ்சியது. இதை விளக்க சிஸ்டர் எங்களுக்கு ஓர் எளிய வழி காட்டினார். மோதலை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

முதற் பாதியில் பொருள்கள் ஒன்றையொன்று அமுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டும் சற்றே நசுங்குகின்றன. பின்னால் வந்தது வேகம் இழக்கிறது. முன்னால் இருந்தது வேகம் பெறுகிறது. நசுக்கம் உச்சத்தை அடையும் கணத்தில் இரண்டுக்கும் ஒரே திசைவேகம் இருக்கும். அதைப் பொதுத் திசைவேகம் என்போம். மொத்த உந்தத்தை மொத்த நிறையால் வகுத்தால் அது கிடைக்கும். எங்கள் கணக்கில் 300-ஐ 20-ஆல் வகுக்க 15. களிமண்ணாக இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் பாதியில், அமுங்கிய சுருள்வில் விரிவதுபோல், பொருள்கள் தங்கள் பழைய வடிவுக்கு மீள்கின்றன. மீளும்போது முதற் பாதியில் தள்ளிய அதே அளவு மறுபடியும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. காய் முதற் பாதியில் 60-இலிருந்து 15-க்கு வந்தது, 45 இழந்தது. இரண்டாம் பாதியில் இன்னொரு 45 இழக்க வேண்டும். கையில் இருப்பதோ 15 மட்டுமே. ஆகவே அது பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் கழித்தல் 30-க்குப் போகிறது. காய் திரும்புவதன் இரகசியம் இதுவே. ஸ்ட்ரைக்கர் முதற் பாதியில் 15 பெற்றது. இரண்டாம் பாதியில் இன்னொரு 15 பெற்று 30 ஆயிற்று.

இதிலிருந்து மனத்தில் எளிதாக நிற்கும் ஒரு வழி கிடைக்கிறது. பொதுத் திசைவேகத்தை இரட்டித்து, அந்தப் பொருளின் பழைய திசைவேகத்தைக் கழித்தால், புதிய திசைவேகம் வந்துவிடும். ஸ்ட்ரைக்கர் காயை அடித்த இரண்டாம் சோதனைக்குப் போட்டுப் பாருங்கள். பொதுத் திசைவேகம் 900 ÷ 20 = 45. ஸ்ட்ரைக்கருக்கு 90 – 60 = 30. காய்க்கு 90 – 0 = 90. நீண்ட வாய்பாட்டை நெட்டுருச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

ஓய்வில் உள்ள பொருளின்மீது மோதும்போது யார் திரும்புவார், யார் நிற்பார், யார் தொடர்வார் என்பதும் இப்போது தெளிவாகிறது. மோதும் பொருள் மற்றதைவிடக் கனமானால், முதற் பாதியில் தன் வேகத்தில் பாதிக்கும் குறைவாகவே இழக்கும். ஆகவே முன்னோக்கியே செல்லும். இரண்டும் சமமானால் சரியாகப் பாதி இழக்கும். மறுபாதியையும் இழந்து நின்றுவிடும். இலேசானால் பாதிக்கும் மேல் இழக்கும், ஆகவே திரும்பும். பலகையின் சட்டத்தில் மோதும் காய் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்புவதும் இதனால்தான். சட்டம் பலகையோடும், பலகை மேசையோடும், மேசை பூமியோடும் சேர்ந்து நிற்பதால் பொதுத் திசைவேகம் பூச்சியம் எனலாம். இருமடங்கு பூச்சியத்திலிருந்து 60-ஐக் கழித்தால் கழித்தல் 60.

படகில் இருப்பவரும் கரையில் இருப்பவரும்

'ஒரு காய் திரும்பியது, மற்றது திரும்பவில்லை' என்று நாம் சொல்கிறோம். அதுவும் பார்ப்பவரைப் பொறுத்ததே என்று ஹைகன்ஸ் காட்டினார். அவர் நாடு கால்வாய்கள் நிறைந்த நாடு. ஆகவே அவர் ஒரு படகைக் கற்பனை செய்தார்.

படகில் இருப்பவர் இரண்டு சமமான பந்துகளை எதிரெதிரே 30, 30 என்ற சம வேகத்தில் மோதவிடுகிறார் என்று கொள்வோம். இரண்டும் அதே வேகத்தில் திரும்பிச் செல்கின்றன. படகும் 30 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் கரையில் நிற்பவருக்கு என்ன தெரியும்? படகின் திசையில் சென்ற பந்து 60 வேகத்தில் வருவதாகவும், எதிரே வந்த பந்து ஓய்வில் நிற்பதாகவும் தெரியும். மோதியபின் வந்த பந்து நின்றுவிட, நின்ற பந்து 60 வேகத்தில் ஓடும். இது எங்கள் முதற் சோதனையே அன்றோ! படகுக்காரர் 'இரண்டும் திரும்பின' என்கிறார். கரையில் நிற்பவர் 'எதுவும் திரும்பவில்லை, ஒன்று நின்றது' என்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. இருவர் கணக்கிலும் உந்தம் அழியவில்லை.

எங்கள் தேர்வுக் கணக்கையும் வினாடிக்கு 15 செ.மீ. செல்லும் ஒரு படகிலிருந்து பார்த்தால், காய் 45 வேகத்தில் வந்து 45 வேகத்தில் திரும்புகிறது. ஸ்ட்ரைக்கர் 15 வேகத்தில் எதிரே வந்து 15 வேகத்தில் திரும்புகிறது. பொதுத் திசைவேகத்தோடு ஓடும் படகிலிருந்து பார்ப்பவருக்கு, எந்த நேர் மீட்சி மோதலிலும் இரண்டுமே திரும்புகின்றன; வேகம் மட்டும் மாறுவதில்லை. கடினமாகத் தோன்றிய கணக்கு, நிற்கும் இடத்தை மாற்றியதும் எவ்வளவு எளிதாகிவிட்டது!

ஓரத்தில் பட்டால்?

விளையாட்டில் எல்லா அடியும் நேராக விழுவதில்லை. காயின் ஓரத்தில் பட்டால், அடிபட்ட காய் இரண்டின் மையங்களையும் சேர்க்கும் கோட்டின் வழியே ஓடும். குழியையும் காயின் மையத்தையும் சேர்த்து மனத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கும் கெட்டிக்கார ஆட்டக்காரிகள் இதை ஏட்டில் படிக்காமலே அறிவார்கள்.

ஒரு காய் மற்றொரு சம நிறையுள்ள காயின் ஓரத்தில் பட்டால், இரண்டும் பிரிந்து செல்லும் பாதைகளுக்கு இடையே செங்கோணம் அமைகிறது. காரணம் நம் வடிவக் கணிதப் பாடத்திலேயே இருக்கிறது. நிறை சமமாக இருப்பதால், உந்த விதிப்படி மோதிய பின் உள்ள இரண்டு திசைவேகங்களும் பழைய திசைவேகமும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. ஆற்றல் விதிப்படி பழைய வேகத்தின் வர்க்கம் புதிய இரண்டு வேகங்களின் வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலையே இது! பலகையில் நாங்கள் பார்த்தபோது கோணம் 90 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. சிறிது ஆற்றல் வீணாவதே அதற்குக் காரணம். காயைப்போல் மூன்று மடங்கு கனமான ஸ்ட்ரைக்கரோ, எந்த ஓரத்தில் பட்டாலும் காயால் மட்டும் 19 பாகை 28 நிமிடத்துக்கு மேல் விலக முடியாது. கனமானது திரும்புவதில்லை என்பது இங்கும் உண்மையாகிறது.

கண்ணுக்குத் தெரியாத காய்

இவ்வளவும் விளையாட்டுக்குத்தானா என்று பெற்றோர் கேட்கக்கூடும். இதே கணக்குத்தான் அணுவுக்குள் மறைந்திருந்த ஒரு துகளைப் பிடித்துக் கொடுத்தது.

பெரிலியம் என்ற உலோகத்தின்மீது ஆல்ஃபாத் துகள்கள் பட்டால், மின்னூட்டம் இல்லாத ஒருவகைக் கதிர் வெளிவருவதை 1930-ஆம் ஆண்டையொட்டி அறிஞர்கள் கண்டனர். மேரி கியூரி அம்மையாரின் மகள் ஐரீன் கியூரியும், அவர் கணவர் பிரடெரிக் ஜோலியோவும் 1932 ஜனவரியில் பாரிசில், அக்கதிர் மெழுகிலிருந்து ஹைட்ரஜன் அணுக்கருக்களை வெளியே தெறிக்கச் செய்வதைக் கண்டனர். அது காமாக் கதிராக இருக்கும் என்று எண்ணினர். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் அவ்வாறு எண்ணவில்லை. கேரம் காய் போல் நிறையுள்ள ஏதோ ஒன்று வந்து மோதுகிறது என்று அவர் கருதினார்.

அத்துகளையோ அதன் வேகத்தையோ அவரால் நேரே காண முடியவில்லை. அடிபட்டவற்றை மட்டுமே காண முடிந்தது. நேர் மோதலில் ஹைட்ரஜன் கரு பெற்ற வேகம், நைட்ரஜன் கரு பெற்ற வேகத்தைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு இருந்தது. ஹைட்ரஜனின் நிறை 1, நைட்ரஜனின் நிறை 14. வந்த துகளின் நிறையை ம என்று கொள்வோம். ஓய்வில் உள்ள பொருள் பெறும் வேகம் பொதுத் திசைவேகத்தின் இரு மடங்கு என்று மேலே கண்டோம். ஆகவே இரண்டு வேகங்களின் விகிதம் (ம + 14) ÷ (ம + 1) ஆகும். இதை 7 என்று வைத்தால், ம + 14 = 7ம + 7; எனவே 6ம = 7. ம என்பது ஒன்றுக்குச் சற்று மேல்! ஹைட்ரஜன் கருவுக்கு ஏறக்குறையச் சமமான நிறையும், மின்னூட்டம் இன்மையும் கொண்ட அத்துகளே நியூட்ரான். 1932-இல் செய்த இக்கண்டுபிடிப்புக்காகச் சாட்விக் 1935-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வகுப்பு இயற்கணிதமே அங்கும் பயன்பட்டது என்பது நமக்குப் பெருமை அல்லவா?

இந்த நியூட்ரான்களை மெதுவாக்குவதற்கும் மோதலே உதவுகிறது. மெதுவாகச் செல்லும் நியூட்ரான்களே யுரேனியம் 235 கருவை எளிதில் பிளக்கின்றன. ஆனால் பிளவில் பிறக்கும் நியூட்ரான்கள் மிக விரைந்து வருகின்றன. கனமான யுரேனியத்தின்மீது மோதித் தெறித்தால், சட்டத்தில் பட்ட காய் போல் அதே வேகத்தில் திரும்பிவிடும், பயன் இல்லை. சம நிறையுள்ள ஹைட்ரஜன்மீது நேரே மோதினால் ஒரே அடியில் நின்றுவிடும். ஆயினும் சாதாரண நீரிலுள்ள ஹைட்ரஜன் சில நியூட்ரான்களை விழுங்கியும் விடுகிறது. ஆகவே இயற்கை யுரேனியத்தைப் பயன்படுத்தும் உலைகளில் கனநீரை வைக்கிறார்கள். கனநீரில் உள்ள டியூட்டீரியத்தின் நிறை 2. நியூட்ரான் அதன்மீது நேராக மோதினால் பொதுத் திசைவேகம் மூன்றில் ஒரு பங்கு. இருமடங்காக்கிப் பழையதைக் கழித்தால் கழித்தல் மூன்றில் ஒரு பங்கு. அதாவது மூன்றில் ஒரு பங்கு வேகத்தோடு, ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றலோடு திரும்புகிறது. நம் கல்பாக்கத்தில் 1983-இல் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலையிலும் கனநீருக்கு இதுவே வேலையாக இருந்தது. எங்கள் விடைத்தாளில் நாங்கள் அடித்துவிட்ட கழித்தல் குறி, கடற்கரையோரம் உள்ள அந்த உலை இயங்கியபோது அதற்குள் ஓயாமல் நடந்துகொண்டிருந்தது!

முடிவுரை

அடுத்த ஆண்டு இப்பாடத்தைப் படிக்கப்போகும் தங்கையரே, உங்கள் விடையில் கழித்தல் குறி வந்தால் அவசரப்பட்டு அடித்துவிடாதீர்கள். கணக்கு முழுவதும் சரியாக இருந்து, விடை மட்டும் நாம் எதிர்பாராததாக இருந்தால், தவறு விடையில் இல்லாமல் நம் எதிர்பார்ப்பில் இருக்கலாம். ஒரு நிமிடம் நின்று, 'இது என்ன சொல்ல வருகிறது?' என்று கேளுங்கள். பிறகு முடிந்தால் ஒரு காயைச் சுண்டிப் பாருங்கள்.

இறைவனின் படைப்பில் எதுவும் கணக்குத் தவறி நடப்பதில்லை. ஒரு சிறு காய் இழந்த உந்தம்கூட எங்கும் தொலைந்துபோவதில்லை. மற்றொன்றிடம் போய்ச் சேர்கிறது. அந்த ஒழுங்கை நாங்கள் ஒரு கேரம் பலகையில் கண்டோம். பாதி மதிப்பெண் போனதைப் பற்றி இப்போது எங்களுக்கு வருத்தம் இல்லை. முழு மதிப்பெண் கிடைத்திருந்தால் இவ்வளவும் அறிந்திருக்க மாட்டோம்.

– பத்தாம் வகுப்பு மாணவி